சுறாப் படத்தின் ஒலி எங்கே போனது?

1976 மார்ச்சில் ஆஸ்கர் விருதுகள் வழங்கப்பட்டபோது, சிறந்த ஒலிக்கான விருது ‘ஜாஸ்’ என்ற படத்துக்குக் கிடைத்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படம். ஒரு பெரிய சுறா, கடலோர ஊர் ஒன்றைக் கதிகலங்க வைக்கும் கதை. படத்தில் நெடுநேரம் சுறா கண்ணிலேயே படாது. இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும், தண்ணீர் சளசளக்கும், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். சுறாவைக் காட்டும் வேலையைப் பாதிக்கு மேல் அந்தப் படத்தின் ஒலியே செய்தது.

அந்த ஒலி மோனோ. பேச்சு, இசை, அலையோசை எல்லாம் ஒரே தடத்தில் கலந்து, திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஓட்டமாக வரும்.

படம் வெளியாகி 25 ஆண்டுகள் கழித்து, 2000இல், அது டிவிடியாக வந்தது. அதற்காக ஒலியைப் புதிதாகக் கலந்தார்கள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர்கள், அடித்தொண்டை உறுமலுக்கு இன்னொன்று. இதைத்தான் 5.1 என்கிறோம். ஆனால் பழைய மோனோ ஒலி அந்த டிவிடியில் இல்லை. விருது வாங்கிய ஒலி எதுவோ, அதைக் கேட்க அந்த டிவிடியில் வழியில்லாமல் போனது!

அப்போது அதைப் பத்திரமாக வைத்திருந்தது எது தெரியுமா? யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு பெரிய பளபளப்பான தட்டு. பெயர் லேசர் டிஸ்க். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இந்தத் தட்டுகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது வெளியான முதல் படமே ‘ஜாஸ்’தான். திரையரங்கில் கேட்ட மோனோ ஒலி அதில் இருந்தது.

புதிதாகக் கலப்பதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். தவறே இல்லை. நல்ல 5.1 ஒலியை நானும் ரசிப்பேன். புதியது வந்ததும் பழையது அலமாரியிலிருந்து மறைந்துபோவதில்தான் சிக்கல். எப்படி என்று புரிய, ஒரு படத்தின் ஒலி எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

பேச்சு ஒரு தடம். இசை இன்னொரு தடம். காலடி, கதவு, துப்பாக்கி, மழை போன்ற சத்தங்கள் மூன்றாவது தடம். ஒலிக்கலவைக் கலைஞர் இந்த மூன்றையும் எதிரே வைத்துக்கொண்டு, எந்த நொடியில் எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று முடிவு செய்து ஒன்றாக்குகிறார். கலந்த பிறகு பிரிப்பது மிகக் கடினம். மூன்று தடங்களும் தனித்தனியாகப் பத்திரமாக இருந்தால் மறுபடி கலக்கலாம். ஒன்று தொலைந்துபோனால்?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘வெர்டிகோ’ என்ற 1958ஆம் ஆண்டுப் படத்துக்கு அதுதான் நடந்தது. 1996இல் அதைப் புதுப்பித்தார்கள். இசையின் அசல் பதிவு கிடைத்தது. பேச்சை எடுத்துவிட முடிந்தது. சத்தங்களின் தடத்தை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. எனவே காலடிகளையும் துப்பாக்கிச் சத்தத்தையும் ஸ்டுடியோவில் புதிதாக உண்டாக்கிச் சேர்த்தார்கள். உழைப்பு பெரியது, படம் கண்ணைப் பறித்தது. ஆனால் 1958இல் மக்கள் கேட்ட காலடிகள் அவை அல்ல. பழைய காலடிகள் வேண்டும் என்றவர்கள், புதுப்பிப்புக்கு முன்னால் வந்த லேசர் டிஸ்க்கைத்தான் தேடிப் போனார்கள்.

‘ஸ்டார் வார்ஸ்’ கதை இன்னும் சுவையானது. 1977இல் அது திரைக்கு வந்தபோதே அதற்கு மூன்று விதமான ஒலிக்கலவைகள் இருந்தன. பெரிய 70 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு ஆறு தடம், சாதாரணச் சுருளுக்கு ஸ்டீரியோ, சிறிய அரங்குகளுக்கு மோனோ. மோனோவைக் கடைசியாகக் கலந்ததால் சில சத்தங்களும் சில வசனங்களும்கூட அதில் வேறாக இருக்கின்றன. ஒரே படத்தைப் பார்த்த இரண்டு ஊர்க்காரர்கள் இருவேறு ஒலிகளைக் கேட்டிருக்கிறார்கள்! இதில் எது அசல் என்று கேட்டால், மூன்றும் அசல். மூன்றையும் காப்பாற்ற வேண்டும்.

சரி, லேசர் டிஸ்க்குக்குள் ஒலி எப்படி உட்கார்ந்திருக்கிறது?

தட்டின் விட்டம் 30 சென்டிமீட்டர். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கின் அடியில் மெல்லிய அலுமினியப் பூச்சு. அதில் சுருளாகச் சுற்றிச் செல்லும் ஒரு பாதை, பாதை நெடுகக் கண்ணுக்குத் தெரியாத குழிகள். தட்டு சுழலும்போது லேசர் ஒளி அந்தப் பாதையில் விழுகிறது. மேட்டில் பட்டால் ஒளி நன்றாகத் திரும்பி வரும். குழியில் பட்டால் மங்கும். இந்தப் பளிச்சிடலையும் மங்கலையும் ஓர் ஒளி உணரி மின்னலையாக மாற்றுகிறது.

பாதையின் நீளத்தை நீங்களே கணக்கிடலாம். ஒருவகைத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 54,000 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஓர் அசையாப் படம் (ஃபிரேம்) வீதம், நிமிடத்துக்கு 1,800 சுற்று என்ற வேகத்தில் 30 நிமிடம் ஓடும். உள் சுற்றின் ஆரம் சுமார் 5.5 செ.மீ., வெளிச் சுற்றின் ஆரம் சுமார் 14.5 செ.மீ. சராசரி 10 செ.மீ. வட்டத்தின் சுற்றளவு 2πr என்பது உங்களுக்குத் தெரியும். அதை 54,000 ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர் வரும். ஒரே பக்கத்தில்!

பலரும் ‘லேசர், பளபளக்கும் தட்டு, எனவே சிடி போலவே எல்லாம் எண்கள்தான்’ என்று நினைத்துவிடுகிறார்கள். லேசர் டிஸ்க்கில் படம் டிஜிட்டல் அல்ல, அனலாக். குழிகளின் நீளமும் இடைவெளியும் படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாக மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றமே படம், அந்த மாற்றமே ஒலி. பள்ளிப் பாடத்தில் அதிர்வெண் பண்பேற்றம் என்று வரும், எஃப்.எம். வானொலிக்குப் பெயர் தந்தது. அதே முறைதான் இங்கும். அமெரிக்க, ஜப்பானியத் தட்டுகளில் இடது ஒலியை நொடிக்கு சுமார் 23 லட்சம் முறை அதிரும் ஓர் ஊர்தி அலை சுமக்கிறது. வலது ஒலியைச் சுமக்கும் அலை சுமார் 28 லட்சம் முறை அதிரும். படம் அவற்றுக்கு மேலே, இன்னும் வேகமான அலையில். எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே குழிப் பாதையில் பதிந்திருக்கும். வானொலிப் பெட்டி நிலையங்களைப் பிரிப்பதைப்போல் தட்டை இயக்கும் கருவி அவற்றைப் பிரித்தெடுக்கும்.

1980களின் நடுவில் இன்னொரு வசதி வந்தது. இந்த அலைகளுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில், சிடியில் உள்ளதுபோலவே டிஜிட்டல் ஸ்டீரியோ ஒலியையும் நுழைத்தார்கள். இப்போது ஒரே தட்டில் அனலாக் இரண்டு தடம், டிஜிட்டல் இரண்டு தடம். டிஜிட்டலில் படத்தின் ஒலியை வைத்துவிட்டு, அனலாக்கில் வேறு எதையாவது வைக்கலாம். அனலாக் தடத்தில் இப்படி வேறு ஒலியை வைப்பது ஏற்கெனவே நடந்ததுதான்: 1984இல் ‘கிங் காங்’ படத்தின் தட்டில் ஒரு திரைப்பட வரலாற்று ஆய்வாளர் காட்சிக்குக் காட்சி விளக்கம் பேசிப் பதிவு செய்தார். இன்று பல டிவிடிகளில் இயக்குநர்கள் பேசுவதைக் கேட்கிறோமே, அந்தப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

இந்தத் தட்டுகள் நிரந்தரமானவை அல்ல. இரண்டு தட்டுகளைப் பசை போட்டு ஒட்டித்தான் ஒரு லேசர் டிஸ்க் செய்வார்கள். பசையோ ஒட்டிய முறையோ சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல அரிபடும். வெளியே பார்த்தால் தட்டு பளபளவென்று இருக்கும். ஓட்டினால் படத்தில் புள்ளிகள் பொரியும், ஒலியில் படபடப்புக் கேட்கும். சேகரிப்பாளர்கள் இதை ‘லேசர் ராட்’ என்கிறார்கள். தட்டை இயக்கும் கருவிகளின் நிலையும் அதுதான். அவற்றைக் கடைசிவரை தயாரித்த பயனியர் நிறுவனம் 2009இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இருக்கும் கருவிகள் கிழடாகிக்கொண்டே வருகின்றன.

டிஜிட்டல் தடமுள்ள தட்டு என்றால் வேலை ஓரளவு எளிது. கருவியின் பின்னால் ஒளியிழை இணைப்பு இருந்தால், எண்களை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடலாம். ஒரு நொடிக்கு 44,100 எண்கள், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக. தட்டு நன்றாக இருந்தால் ஓர் எண்கூட மாறாது. ஸ்டுடியோ அன்று எதைப் பதித்ததோ அதுவே கையில் கிடைக்கும்.

ஏன் இவ்வளவு எண்கள்? மனிதக் காது நொடிக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் அலையை நழுவவிடாமல் பிடிக்க, அதன் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்குள்ளும் இரண்டு முறைக்கு மேல் அளக்க வேண்டும். எனவே 40,000-க்குச் சற்று மேல். இந்த விதியை நினைவில் வையுங்கள், உடனே தேவைப்படும்.

1978 முதல் 1980களின் நடுப்பகுதி வரை வந்த தட்டுகளில் அனலாக் ஒலி மட்டுமே உண்டு. அங்கேதான் கடினமான வேலை. பழைய கருவியின் உள்ளே இருக்கும் மின்சுற்றுகள் ஒலியைப் பிரித்துத் தரும்போது தங்கள் முதுமையையும் அதில் சேர்த்துவிடும். இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் மழுங்கும். இதற்கு ஒரு வழி பிறந்தது. அது சினிமாவிலிருந்து பிறக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிய ஒரு பெரிய தொகுப்பிலிருந்து பிறந்தது.

1086இல் இங்கிலாந்து மன்னர் வில்லியம், தன் நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று கணக்கெடுத்து எழுதவைத்தார். அந்த ஏட்டுக்கு ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று பெயர். அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி ஒரு புதுக் கணக்கெடுப்பை நடத்தியது. நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிப் பள்ளிகளிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் தங்கள் தெருவைப் பற்றி, கடைகளைப் பற்றி, விளையாட்டைப் பற்றி எழுதினார்கள். படம் எடுத்து அனுப்பினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். அத்தனையையும் சிறப்பு லேசர் டிஸ்க்குகளில் பதித்தார்கள்.

பதினைந்து ஆண்டுகள் போயின. அந்தத் தட்டைப் படிக்கும் கருவியும் கணினியும் காண்பதற்கே அரிதாகிவிட்டன. ஆட்டுத்தோலில் மையால் எழுதிய 1086ஆம் ஆண்டு ஏடு லண்டனில் இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறது. பிள்ளைகள் எழுதியது கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்தது. என்னை மிகவும் பாதித்த செய்தி இது. ஏனென்றால் எழுதிய பிள்ளைகள் அப்போது நடுவயதைக்கூடத் தொடவில்லை!

அந்தத் தட்டுகளை மீட்பதற்காகப் பலர் வெவ்வேறு காலங்களில் உழைத்தார்கள். ஒரு பொறியாளர் வேறு கோணத்தில் யோசித்தார். கருவியின் பழைய மின்சுற்றுகளை நம்புவானேன்? லேசர் உணரியிலிருந்து வரும் மின்னலையை, அது பிரிக்கப்படும் முன்பே, பச்சையாகப் பிடித்துக் கணினியில் வைத்துவிட்டால்? படத்தையும் ஒலியையும் தரவையும் பிறகு நிதானமாக மென்பொருளால் பிரிக்கலாமே. அதற்காக அவர் வடிவமைத்த சிறு மின்பலகைக்கு ‘டூம்ஸ்டே டூப்ளிகேட்டர்’ என்று பெயர். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி அதன் வரைபடங்களை வெளியிட்டுவிட்டார்.

அது நொடிக்கு 4 கோடி முறை அளக்கிறது. படத்தைச் சுமக்கும் அலையின் அதிர்வெண் அவ்வளவு அதிகம் என்பதால், மேலே சொன்ன விதிப்படி அளவைகளும் அவ்வளவு தேவை. ஓர் அளவைக்கு 10 பிட். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 40 கோடி பிட், அதாவது 5 கோடி பைட். ஒரு மணி நேரத்துக்கு 180 ஜிகாபைட்! இடம் பிடிக்கும்தான். ஆனால் ஒருமுறை பிடித்துவிட்டால் தட்டு அரித்துப்போனாலும் கவலையில்லை. பத்து ஆண்டுகள் கழித்து இன்னும் நல்ல மென்பொருள் வந்தால், அதே அலையிலிருந்து இன்னும் தெளிவான ஒலியைப் பிரித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் எழுத்துக்காகச் செய்த கருவி இப்போது பழைய படங்களின் ஒலிகளையும் மீட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரு தட்டில் படபடப்பு இருந்தால் அதே படத்தின் இன்னொரு பிரதியைத் தேடுவார்கள். முடிந்தால் மூன்று, நான்கு. அரிப்பு ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஒன்றில் கெட்டது இன்னொன்றில் நன்றாக இருக்கும். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஊர் ஊராக ஏடு தேடி, பல சுவடிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு, ஒன்றில் சிதைந்திருந்ததை இன்னொன்றில் கண்டு மூலபாடத்தை நிறுவினார். ஒலி மீட்பவர்கள் செய்வதும் அதே ஒப்புநோக்கும் வேலைதான். அவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுவடியில் இல்லாத சொல்லைப் பதிப்பாசிரியர் சொந்தமாக எழுதிச் சேர்க்கக் கூடாது. தட்டில் இல்லாத பளபளப்பை ஒலி மீட்பவர் சேர்க்கக் கூடாது. மென்மையான இரைச்சலை முழுவதும் துடைக்கப் போனால், அதோடு காற்றின் ஓசையும் நடிகரின் மூச்சும் போய்விடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருக்கட்டும் என்பதே என் கட்சி.

மீட்ட ஒலியைப் படத்தோடு சேர்ப்பது அடுத்த வேலை. திரையரங்கில் படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக்கு மாற்றும்போது அது 23.976 ஆகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்தானே என்று விட்டுவிட்டால், இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் ஒலியும் படமும் 7 நொடிக்கு மேல் விலகி நிற்கும். கதவு சாத்தி ஆள் வெளியே போய்விடுவார், சத்தம் அப்புறம் வரும். தட்டைத் திருப்பிப் போடும் இடங்களில் விழும் இடைவெளிகளையும் கணக்குப் பார்த்து ஒட்ட வேண்டும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 மில்லிநொடி வரை கவனிப்பதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை? மின்னல் முன்னே, இடி பின்னே. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும், ஒளியோடு அதனால் போட்டி போட முடியாது. தூரத்தில் துணி துவைப்பவரைப் பாருங்கள், துணி கல்லில் பட்ட பிறகுதான் சத்தம் வரும். பிந்தி வரும் ஒலிக்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம். முந்தி வரும் ஒலி இயற்கையில் கிடையாது.

இந்தியாவில் வேகக் கணக்கு வேறு. 1982இல் நம் நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. நாம் எடுத்துக்கொண்ட ‘பால்’ முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். 24 ஃபிரேம் படத்தை அதில் ஏற்ற எளிய வழி, சற்று வேகமாக ஓட்டிவிடுவது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். பாட்டு வகுப்புக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் இடையே உள்ள தூரத்தில் பத்தில் ஏழு பங்கு. வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த உங்கள் தாத்தா பாட்டிகள், அப்படி வேகமாக ஏற்றிய கேசட்டில் நடிகர்களின் குரலைச் சற்று ஏறிய சுருதியில்தான் கேட்டிருப்பார்கள். அத்தகைய கேசட்டிலிருந்து ஒலியை மீட்டால், வேகத்தை 25-இலிருந்து 24-க்குக் குறைத்தால்தான் குரல் தன் இடத்துக்கு வரும்.

விஎச்எஸ் என்னும் வகை வீடியோ கேசட்டிலும் இரண்டு வகை ஒலி உண்டு. சாதாரண ஒலி நாடாவின் ஓரத்தில் நேர்கோடாகப் பதியும். நம் முறையில் நாடா நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகரும். பாட்டுக் கேசட்டின் வேகத்தில் அது பாதி. அதனால் ஒலி மந்தமாக இருக்கும். 1980களில் வந்த ‘ஹை-ஃபை’ வகையில், சுழலும் உருளையில் உள்ள ஹெட் முதலில் ஒலியை நாடாவின் காந்தப் பூச்சில் ஆழமாக எழுதிவிடும். அதன் மேலேயே இன்னொரு ஹெட் படத்தை மேலோட்டமாக எழுதும். ஒன்றின் மேல் ஒன்று எழுதியும் இரண்டும் அழியாமல் நிற்கும். அருமையான யோசனை! லேசர் டிஸ்க்கில் செய்வதுபோலவே, டெக்கின் ஹெட் தரும் மின்னலையைப் பச்சையாகப் பிடித்து, மென்பொருளால் பிரிக்கும் வேலை இப்போது கேசட்டுகளுக்கும் நடக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் முதலில் அதன் கதவைத் திறந்து நாடாவைப் பாருங்கள். வெள்ளைத் தூள் போல் படிந்திருந்தால் அது பூஞ்சை, நம் ஊர் ஈரக்காற்றில் எளிதில் வளரும். அதை டெக்கில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நன்றாக இருப்பவற்றை, புத்தகம்போல் நிறுத்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஸ்பீக்கர் காந்தத்துக்குத் தள்ளி வையுங்கள். கேசட்டின் மேல் ‘ஹை-ஃபை’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். என்ன படம், எந்த ஆண்டுப் பதிப்பு, எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் குறித்து உறையிலேயே செருகிவிடுங்கள். பின்னால் அந்தப் படத்தின் ஒலியைத் தேடி வருபவர் முதலில் கேட்கப்போவது அந்த நிமிடக் கணக்கைத்தான். அதை வைத்துத்தான் அது 24-இல் ஓடியதா, 25-இல் ஓடியதா என்று அவரால் சொல்ல முடியும்.